ரன்வே இருக்கிறது, டெர்மினலைக் காணோம்

போன மாதம் வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுவது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் விமானத்தைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு, எல்லோரும் தரையைப் பற்றித்தான், அதாவது சிமுலேட்டரில் (சுருக்கமாக சிம்) நாம் கூடுதலாகச் சேர்க்கும் நிலம், விமான நிலையம், கட்டடங்களான சீனரியைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். புதுசாக ஒரு சீனரி போட்டேன் பழையது காணாமல் போய்விட்டது, இன்னொன்று போட்டேன் சிம் திறக்கவே மாட்டேன் என்கிறது, டிஸ்க் நிறைந்துவிட்டது, இப்படி. அதனால் இந்த முறை முழுக்க சீனரிதான். யார் எந்த சிம் வைத்திருக்கிறார்கள் என்பதையும் கேள்வியோடு சேர்த்துப் போட்டிருக்கிறேன், ஒரு சிமுக்குச் சரியான வழி இன்னொன்றில் வேலை செய்யாது.

கேள்வி (சென்னை வாசகர், எக்ஸ்-பிளேன் 12): சென்னை விமான நிலையத்துக்கு ஒரு நல்ல சீனரி போட்டிருந்தேன், மாதக்கணக்கில் பிரச்சினை இல்லாமல் ஓடியது. போன வாரம் ஆர்த்தோ4எக்ஸ்பி என்ற மென்பொருளை வைத்து சென்னைப் பகுதிக்கு செயற்கைக்கோள் படத் தரை செய்து போட்டேன். இப்போது ரன்வே இருக்கிறது, டாக்ஸிவே இருக்கிறது, டெர்மினலும் மற்ற கட்டடங்களும் மொத்தமாகக் காணோம். அழித்துவிட்டு இரண்டு முறை திரும்ப இன்ஸ்டால் செய்தும் பார்த்துவிட்டேன்.

பதில்: இனிமேல் எதையும் அழிக்காதீர்கள். உங்கள் டெர்மினல் எங்கேயும் போகவில்லை, தரைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

எக்ஸ்-பிளேன் உலகத்தை ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி என்று கட்டம் கட்டமாக வெட்டி வைத்திருக்கிறது. அந்தக் கட்டத்துக்குப் பெயர் டைல். ஒரு டைலை ஏற்றும்போது உங்கள் கஸ்டம் சீனரி ஃபோல்டரில் இருக்கும் 'சீனரி பேக்ஸ்' என்ற ஐஎன்ஐ ஃபைலை, அதாவது சீனரிகளின் பெயர்ப் பட்டியலைத் திறந்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டு வரும். கட்டடம், மரம், சாலை மாதிரி மேலே வைக்கிற பொருள்கள் மட்டும் உள்ள சீனரி வந்தால் எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போகும். தரையே உள்ள சீனரி, அதாவது மெஷ், வந்ததும் அதை எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். அதற்குக் கீழே அந்த டைலுக்கு என்ன எழுதியிருந்தாலும் படிக்காது. ஒரு டைலுக்கு ஒரே ஒரு தரைதான், அது வந்துவிட்டால் கதவு சாத்தியாயிற்று.

இப்போது உங்கள் வீட்டில் நடந்ததைப் பாருங்கள். புதிதாக எதைப் போட்டாலும் அடுத்த முறை சிம் திறக்கும்போது எக்ஸ்-பிளேன் அதை இந்தப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே சேர்க்கும். நீங்கள் போட்ட படத் தரை, சுருக்கமாக ஆர்த்தோ, ஒரு மெஷ். அது முதல் வரியில் போய் உட்கார்ந்துவிட்டது, உங்கள் விமான நிலையம் அதற்குக் கீழே வந்துவிட்டது. ரன்வேயும் டாக்ஸிவேயும் மட்டும் ஏன் தப்பித்தன என்றால், அந்த விவரம் வேறொரு ஃபைலில் தனியாக இருக்கிறது, அது இந்தக் கணக்கில் வராது. ரன்வே இருந்து கட்டடம் இல்லை என்றால் பத்தில் ஒன்பது முறை இந்த வரிசைக் கோளாறுதான், வேறு எதையும் தேடி அலைய வேண்டாம்.

சரி, சரிசெய்வது எப்படி? சிம்மை மூடுங்கள். அந்த ஐஎன்ஐ ஃபைலை நோட்பேடில் திறங்கள், முதலில் ஒரு காப்பி எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டு. மேலே நீங்கள் தனியாகப் போட்ட விமான நிலையங்கள் எல்லாம் வரட்டும். அதற்கு அடுத்து குளோபல் ஏர்போர்ட்ஸ் வரி, சிமோடு வரும் விமான நிலையங்கள். அதற்குக் கீழே நகரக் கட்டடங்கள், சிம்ஹெவன் எக்ஸ்-வேர்ல்டு மாதிரி உலகம் முழுவதற்குமான கட்டடத் தொகுப்புகள். அப்புறம் ஆர்த்தோவின் ஓவர்லே ஃபோல்டர், அதாவது தரைமேல் வைக்கிற சாலை, மரம் மாதிரியானவை. கடைசியில் ஆர்த்தோ டைல்களும் மற்ற மெஷ்களும். லைப்ரரி என்று பெயர் கொண்டவை (பல சீனரிகள் பொதுவாக எடுத்துக்கொள்ளும் பொருள்கள்) எங்கே இருந்தாலும் பரவாயில்லை, அதைப் பற்றிக் கவலைப்பட்டு நேரம் செலவழிக்காதீர்கள். ஆர்த்தோ4எக்ஸ்பி தான் செய்கிற டைல் ஃபோல்டருக்கு ஆங்கில இசட் எழுத்தில் தொடங்கும் பெயரும் ஓவர்லே ஃபோல்டருக்கு ஒய் எழுத்தில் தொடங்கும் பெயரும் வைப்பது எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். ஐஎன்ஐ ஃபைலே இல்லாவிட்டால் எக்ஸ்-பிளேன் அகர வரிசையில் புதிதாக ஒன்று எழுதிக்கொள்ளும், அப்போது இவை தானாகவே அடியில் போய் விழும். இதை நம்பி ஃபைலை அழித்துவிட்டு விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஒன்றிரண்டு சீனரி இருக்கும்வரை சரி, நாற்பது ஐம்பது சேர்ந்தபிறகு உங்கள் விமான நிலையம் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்பதே அதன் தலையெழுத்தைத் தீர்மானிக்கும். நான் அப்படி விடமாட்டேன்.

இன்னொன்று. சென்னை விமான நிலையம் கிட்டத்தட்ட 12.98 டிகிரியில் இருக்கிறது. 13 டிகிரிக் கோடு அதற்கு இரண்டு கிலோமீட்டர் வடக்கே, பரங்கிமலைப் பக்கம் போகிறது. டைலின் பெயர் அதன் தென்மேற்கு மூலையின் அட்சரேகையும் தீர்க்கரேகையும். அதாவது விமான நிலையம் +12+080 டைலில், மெரினாவும் துறைமுகமும் +13+080 டைலில். நீங்கள் ஒன்று மட்டும் செய்திருந்தால் ரன்வேயில் இருந்து ஏறி வடக்கே திரும்பியதும் நிலம் சட்டென்று நிறம் மாறும். இரண்டையும் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி (கோவை வாசகர், எக்ஸ்-பிளேன் 11): கோயம்புத்தூரில் இறங்கும்போது தரையில் ஒரு நேர்க்கோடு தெரிகிறது. கோட்டுக்கு ஒரு பக்கம் படம் தெளிவாக இருக்கிறது, மறுபக்கம் பழைய தரை. என் கிராஃபிக்ஸ் கார்டு கோளாறா?

பதில்: கார்டு நன்றாகத்தான் இருக்கிறது, உங்கள் ஊர் அமைந்திருக்கும் இடம் அப்படி. கோவை விமான நிலையம் 11.03 வடக்கு, 77.04 கிழக்கு. தெற்கே மூன்று கிலோமீட்டர் சொச்சத்தில் 11 டிகிரிக் கோடு, மேற்கே ஐந்து கிலோமீட்டருக்குள் 77 டிகிரிக் கோடு. இரண்டும் சேரும் மூலையில் நான்கு டைல்கள் தொட்டுக்கொள்கின்றன: +11+077, +11+076, +10+077, +10+076. தென்மேற்கிலிருந்து 05 ரன்வேக்கு நேராக இறங்கி வந்தால் ஏறத்தாழ அந்த மூலைக்கு மேலேயே வருவீர்கள், அதுவும் தரை நன்றாகத் தெரிகிற உயரத்தில். காந்திபுரம் +11+076 டைலில், டவுன்ஹால் +10+076 டைலில், விமான நிலையம் +11+077 டைலில். மற்ற ஊர்க்காரர்களுக்கு ஒன்றோ இரண்டோ டைல் போதும் என்று சொல்லலாம், கோவைக்காரர்களுக்கு நான்கும் வேண்டும். நான்கையும் ஒரே படமூலத்தில், ஒரே ஜூம் அளவில் செய்யுங்கள். ஒன்றை ஒரு மூலத்திலும் அடுத்ததை வேறு மூலத்திலும் எடுத்தால் ஒரு பக்கம் மழைக்காலப் பச்சை, மறுபக்கம் கோடைப் பழுப்பு என்று மறுபடியும் அதே கோடு வந்து நிற்கும்.

திருச்சி, மதுரை வாசகர்களும் இதையே கேட்டிருந்தார்கள். திருச்சி விமான நிலையம் +10+078, மதுரை +09+078. இரண்டுமே கோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி இருப்பதால் அவ்வளவு உறுத்தாது.

கேள்வி (திருப்பூர் வாசகர், எக்ஸ்-பிளேன் 12): ஆர்த்தோவை ஜூம் 17-ல் செய்வதா 18-லா? எஸ்எஸ்டியில் இடம் தீர்ந்துவிட்டது. வெளி டிஸ்க்கில் வைத்தால் சிம் எடுத்துக்கொள்ளுமா?

பதில்: ஜூம் 16-ல் ஒரு புள்ளி தரையில் ஏறக்குறைய 2.4 மீட்டர், 17-ல் 1.2 மீட்டர், 18-ல் 0.6 மீட்டர். ஒவ்வொரு படி ஏறும்போதும் நீளத்திலும் அகலத்திலும் இரண்டு மடங்கு, ஆகவே இடம் நான்கு மடங்கு. முழு டைலையும் 18-ல் செய்வது வீண். 16-ல் செய்துவிட்டு விமான நிலையத்தைச் சுற்றி மட்டும் 18 என்று குறிக்க ஆர்த்தோ4எக்ஸ்பியிலேயே வசதி இருக்கிறது. இறங்கும்போதும் ஏறும்போதும்தான் கண் தரையில் இருக்கிறது, பத்தாயிரம் அடியில் 16 தாராளமாகப் போதும்.

இடத்துக்கு வருவோம், முக்கியமான விஷயம் இது. சீனரிகளை சிமின் ஃபோல்டருக்குள்ளேயே வைக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வேறு டிரைவில் 'சீனரி கிடங்கு' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் விமான நிலையம், ஆர்த்தோ, மெஷ், லைப்ரரி என்று தனித்தனியாகப் பிரித்து வையுங்கள். சிமின் கஸ்டம் சீனரி ஃபோல்டருக்குள் வெறும் இணைப்பு மட்டும் இருக்கட்டும். விண்டோஸில் கமாண்ட் விண்டோ திறந்து 'எம்கேலிங்க்' கட்டளையை 'சாய்கோடு ஜே' சேர்த்துக் கொடுக்க வேண்டும். முதலில் இணைப்பு இருக்கவேண்டிய இடம், அப்புறம் உண்மையான ஃபோல்டர். 'கஸ்டம் சீனரி' என்ற பெயரில் நடுவே இடைவெளி இருப்பதால் இரண்டு முகவரிகளையும் இரட்டை மேற்கோளுக்குள் எழுதுங்கள். அதை விட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று எழுதுகிறவர்கள் நிறைய. இந்த வகை இணைப்புக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி தேவையில்லை. சிமுக்கு வித்தியாசமே தெரியாது, ஃபோல்டர் அங்கேயே இருப்பதாக நினைத்துக்கொள்ளும்.

வெளி டிஸ்க் என்றால் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, விண்டோஸில் அதற்கு ஒரு டிரைவ் எழுத்தை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். இன்று எஃப், நாளை ஜி என்று மாறினால் எல்லா இணைப்பும் அறுந்துவிடும். இரண்டாவது இன்னும் மோசமானது. டிஸ்க்கை மாட்டாமல் சிம்மைத் திறந்தால், காணாமல் போன சீனரிகளின் வரிகளை எக்ஸ்-பிளேன் பட்டியலில் இருந்து எடுத்துவிடும். அடுத்த முறை டிஸ்க்கை மாட்டித் திறக்கும்போது அவை 'புதியவை' ஆகி உச்சியில் வந்து உட்காரும். அதாவது ஆர்த்தோ மேலே, டெர்மினல் காணோம், சென்னை வாசகர் கேட்ட அதே கதை. அதனால்தான் ஐஎன்ஐ ஃபைலுக்கு ஒரு நகல் வெளியே இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அழிக்கும் விஷயத்தில் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை இடம் காலி செய்கிறேன் என்று ஒரு இணைப்பு ஃபோல்டரைத் திறந்து, உள்ளே இருந்த எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். இணைப்புதானே என்று நினைத்தேன். உள்ளே போனபின் தெரிவது கிடங்கில் இருக்கும் அசல் ஃபைல்கள். பதினோரு டைல் போயிற்று, திரும்பச் செய்ய ஒரு வாரம் இரவெல்லாம் டவுன்லோடு ஓடியது. இணைப்பை நீக்கவேண்டும் என்றால் வெளியே நின்று இணைப்பை மட்டும் நீக்குங்கள், உள்ளே போய்க் கை வைக்காதீர்கள்.

கேள்வி (காஞ்சிபுரம் வாசகி, எக்ஸ்-பிளேன் 12): எங்கள் வீட்டில் ஒரே கம்ப்யூட்டர். நான் செஸ்னாவில் கடற்கரையோரமாகத் தாழப் பறப்பேன். அப்பாவுக்கு ஏர்பஸ்ஸில் ஐரோப்பா, துபாய் என்று போகவேண்டும். எனக்கு வேண்டிய சீனரியை அவர் எடுத்துவிடுகிறார், அவருடையதை நான் எடுத்துவிடுகிறேன். இருவருக்கும் தனித்தனியாக வைக்க வழி உண்டா? அடுத்து சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் வரை ஏடிஆர் விமானத்தில் போக ஆசை, அதற்கு எந்த டைல்கள் வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

பதில்: இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன். ஆளுக்கு ஒரு சிம் போடத் தேவையில்லை, ஆளுக்கு ஒரு பட்டியல் போதும்.

ஐஎன்ஐ ஃபைலில் ஒவ்வொரு வரியும் 'சீனரி பேக்' என்று ஆங்கிலத்தில் தொடங்கும். அதை 'சீனரி பேக் டிசேபிள்டு' என்று மாற்றினால், நடுவில் அடிக்கோடுகள் போட்டு ஒரே சொல்லாக, அந்த சீனரி ஃபோல்டரில் இருக்கும், சிம் அதைத் தொடாது. அப்பாவின் ஃபைலில் தமிழ்நாட்டு ஆர்த்தோ எல்லாம் டிசேபிள்டு, துபாய், ஃபிராங்ஃபர்ட் விமான நிலையங்கள் திறந்திருக்கும். உங்கள் ஃபைலில் நேர் எதிர். இரண்டையும் 'அப்பா', 'நான்' என்று பெயர் வைத்து வேறொரு ஃபோல்டரில் வையுங்கள். ஓட்டப்போகும் ஆள் தன்னுடையதை எடுத்து கஸ்டம் சீனரி ஃபோல்டரில் சரியான பெயரில் போட்டுவிட்டு சிம்மைத் திறக்கவேண்டும். இந்த வேலையைச் செய்து சிம்மையும் திறந்துவிடும் இரண்டு வரிக் கட்டளை ஃபைல் எழுதி டெஸ்க்டாப்பில் ஆளுக்கு ஒரு ஐகான் வைத்துவிட்டால் இன்னும் நல்லது. பட்டியலை சிம் திறக்கும்போதுதான் படிக்கும், பறந்துகொண்டிருக்கும்போது மாற்றிப் பயனில்லை. இதையே அழகான திரையோடு செய்யும் சிம்ஸ்டார்ட்டர் என்ஜி, எக்ஸ்-ஆர்கனைசர் போன்ற மென்பொருள்களும் இருக்கின்றன. ஆனால் முதல் ஒரு மாதம் கையால் செய்யுங்கள் என்பேன். வரிசை மனதில் பதிந்தபிறகு எந்த மென்பொருள் வந்தாலும் அது என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

இதில் ஒரு இடம் கால் வாரிவிடும். நீங்கள் புதிதாக ஒரு சீனரி போடுகிறீர்கள் என்று வையுங்கள். உங்கள் பட்டியலில் அது சேர்ந்துவிட்டது, சரியான இடத்துக்கும் நகர்த்திவிட்டீர்கள். அப்பாவின் பட்டியலுக்கு அந்தப் பெயரே தெரியாது. அவர் திறக்கும்போது எக்ஸ்-பிளேன் அதைப் புதியது என்று உச்சியில் சேர்த்துவிடும், இயங்கவும் செய்யும். ஆகவே எதைப் போட்டாலும் அன்றைக்கே இரண்டு பட்டியலிலும் எழுதிவிடுங்கள், ஒன்றில் திறந்ததாக, மற்றதில் டிசேபிள்டாக. வீட்டில் சண்டை வராது.

நிறைய டைல் இருந்தால் சிம் வேகம் குறையுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பறக்கும்போது குறையாது. உங்களைச் சுற்றியுள்ள சில டைல்களைத்தான் அது ஏற்றும், கிடங்கில் இமயமலை இருந்தால் சென்னைக்கு என்ன கவலை. ஒரே இடத்தில் ஆர்த்தோவும் அடர்த்தியான கட்டடத் தொகுப்பும் சேரும்போதுதான் மூச்சுவாங்கும்.

இப்போது பலாலி. சென்னை விமான நிலையத்திலிருந்து பலாலி ஏறக்குறைய நேர் தெற்கு, இரண்டுமே 80 டிகிரிக்குக் கொஞ்சம் கிழக்கே. நேர்க்கோடு போட்டால் +12+080, +11+080, +10+080, +09+080 என்று நான்கு டைல் வரும், நீங்களும் அந்த நான்கைத்தான் டவுன்லோடு செய்ய உட்காருவீர்கள். வேண்டாம். நடுவில் உள்ள +11+080, +10+080 இரண்டும் முழுக்கக் கடல், ஒரு துளி நிலம் கிடையாது. உங்களுக்கு வேண்டியது வலப்பக்க ஜன்னலில் தெரியும் கரை. புறப்படும் இடத்துக்கு +13+080, +12+080, இதில் இரண்டாவதில் மாமல்லபுரமும் வந்துவிடும். அப்புறம் +12+079. புதுச்சேரிக்கு +11+079. நாகப்பட்டினம், வேதாரண்யம், கோடியக்கரைக்கு +10+079. பலாலிக்கு +09+080. யாழ்ப்பாண நகரத்துக்குச் சற்று மேற்கே 80 டிகிரிக் கோடு போவதால் தீவுப் பகுதிகளுக்கு +09+079-ம் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கடைசி டைல் எனக்கு மிகவும் பிடித்தது. ராமேஸ்வரம், தனுஷ்கோடி, தலைமன்னார், நெடுந்தீவு நான்கும் இந்த ஒரே கட்டத்துக்குள் இருக்கின்றன. ஒரு நாள் ஏடிஆரை விட்டுவிட்டு செஸ்னாவில் ஆயிரம் அடியில் தனுஷ்கோடியிலிருந்து மணல்திட்டுகளைப் பிடித்துக்கொண்டு தலைமன்னார் வரை போய்வாருங்கள். ஒரே ஒரு டைல் செய்தால் போதும், அதை மட்டும் ஜூம் 17-ல் செய்தாலும் தப்பில்லை.

கேள்வி (மதுரைக் கல்லூரி மாணவர், ஃபிளைட்கியர்): அண்ணா, என்னிடம் பழைய லேப்டாப்தான், அதனால் இலவச ஃபிளைட்கியர் ஓட்டுகிறேன். மதுரைக்கு ஒரு சீனரி டவுன்லோடு செய்து டெராசிங்க் ஃபோல்டரில் போட்டேன். இரண்டு நாளில் காணாமல் போய்விட்டது. வேறு ஃபோல்டரில் போட்டுக் காட்டினாலும் எடுத்துக்கொள்ளவில்லை.

பதில்: தம்பி, டெராசிங்க் ஃபோல்டர் ஃபிளைட்கியர் தானாகத் தரையை டவுன்லோடு செய்து வைக்கிற இடம், நம்முடையது இல்லை. சர்வரில் என்ன இருக்கிறதோ அதையே உங்கள் லேப்டாப்பிலும் வைத்திருப்பது அதன் வேலை, சர்வர் பட்டியலில் இல்லாததைக் குப்பை என்று துடைத்துவிடும். உங்கள் சொந்த சீனரிக்குத் தனி ஃபோல்டர் போடுங்கள், லாஞ்சரில் ஆட்-ஆன்ஸ் பகுதியில் கூடுதல் சீனரி ஃபோல்டர் என்று சேருங்கள்.

எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் அனேகமாக இதுவாக இருக்கும்: 'டெரெய்ன்' என்ற ஃபோல்டரையே தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அதற்கு ஒரு படி மேலே உள்ளதைக் காட்டவேண்டும், உள்ளே 'டெரெய்ன்', 'ஆப்ஜெக்ட்ஸ்' இரண்டும் தெரிகிற மாதிரி. டெரெய்னுக்குள் இ070என்00, அதற்குள் இ078என்09 என்று ஆங்கில எழுத்தில் இருந்தால் மதுரை சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். இங்கும் மேலே இருக்கும் ஃபோல்டருக்குத்தான் முதல் உரிமை. பழைய லேப்டாப் என்று வருத்தப்பட வேண்டாம். ஊர் தரையை மேலிருந்து அடையாளம் காண்பதற்கு வைகையும் யானைமலையும் போதும்.

கேள்வி (சிங்கப்பூர் வாசகர், மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020): அப்டேட் வந்தபிறகு பாதி ஏறி நின்றுவிடுகிறது. கம்யூனிட்டி ஃபோல்டரில் அறுபதுக்கு மேல் சீனரி. எது கெட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இந்த சிமில் தரைப்படம் இணையத்திலிருந்து நேரடியாக வருகிறது, எக்ஸ்-பிளேன் மாதிரி மெஷ்ஷைக் கீழே தள்ளும் வேலை உங்களுக்கு இல்லை. உங்கள் தொல்லை எண்ணிக்கைதான். நாம் தனியாகச் சேர்க்கிறவை எல்லாம் போய்ச் சேரும் இடம்தான் கம்யூனிட்டி ஃபோல்டர். கம்யூனிட்டி ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு, அதே இடத்தில் காலியாக ஒரு கம்யூனிட்டி ஃபோல்டர் போட்டு சிம்மைத் திறந்து பாருங்கள். ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றால் யூசர்சிஎஃப்ஜி என்ற ஃபைலின் கடைசிப் பகுதியில் அந்த முகவரி இருக்கும்.

காலியாகத் திறந்தால் சிமில் கோளாறு இல்லை. இனி பாதியை மட்டும் உள்ளே போடுங்கள். திறந்தால் கெட்டது மறு பாதியில், திறக்காவிட்டால் இந்தப் பாதியில். அதை மறுபடி பாதியாக்குங்கள். கெட்டது ஒன்றே ஒன்று என்றால் அறுபத்து நான்கு சீனரிக்கும் ஆறு முறை திறந்தால் போதும், ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் அறுபத்து நான்கு முறை. ஒரு மாலையில் முடிகிற வேலை.

அதோடு சாங்கிக்கு இரண்டு சீனரி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு விமான நிலையத்துக்கு ஒன்றுதான். இரண்டு இருந்தால் கோடுகள் இரட்டையாகத் தெரியும், கட்டடத்துக்குள் கட்டடம் நிற்கும். எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதைக் கிடங்குக்கு அனுப்புங்கள். இந்த சிமுக்கு ஆடான்ஸ் லிங்கர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. திருப்பூர் வாசகருக்குச் சொன்ன அதே இணைப்பு வேலையை டிக் அடிப்பதில் முடித்துவிடும்: இன்றைக்கு ஆசியா, நாளைக்கு ஐரோப்பா என்று. போட்ட சீனரி தெரியவே இல்லை என்று நீங்கள் சொன்ன அந்த ஒன்றை மட்டும் திறந்து பாருங்கள். மேனிஃபெஸ்ட், லேஅவுட் என்ற இரண்டு ஜேசன் ஃபைல்களும் முதல் ஃபோல்டரிலேயே இருக்கவேண்டும். ஜிப்பை விரிக்கும்போது ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர் ஆகியிருந்தால் சிம் உள்ளே போய்த் தேடாது.

கேள்வி (யாழ்ப்பாண வாசகர், எக்ஸ்-பிளேன் 12): நேபாளத்தின் லுக்லா விமான நிலையத்துக்கு ஒரு சீனரியும், இமயமலைக்கு ஆர்த்தோவும் போட்டிருக்கிறேன். வரிசை நீங்கள் சொல்வது போலத்தான் இருக்கிறது. ஆனாலும் கட்டடங்கள் சில அந்தரத்தில், சில மண்ணுக்குள். ஏன் என்று விளங்கவில்லை.

பதில்: வரிசை சரியாக இருந்தும் வரும் கோளாறு இது, நல்ல கேள்வி. சீனரி செய்தவர் ஏதோ ஒரு தரையை வைத்துக்கொண்டு அதன்மேல் கட்டடங்களை நிறுத்தியிருக்கிறார். நீங்கள் ஆர்த்தோவைப் போட்டபோது அந்தத் தரையே மாறிவிட்டது.

லுக்லாவில் இது ஏன் இவ்வளவு மோசமாகத் தெரிகிறது என்றால், அந்த ரன்வே 527 மீட்டர்தான் நீளம், 11.7 சதவீதச் சரிவு. ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் அறுபது மீட்டர் உயர வித்தியாசம். வீட்டு சிம்களில் பெருமளவு பயன்படும் உயரத் தரவு 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலத்திலிருந்து ராடார் மூலம் எடுத்தது. அதில் தொண்ணூறு மீட்டருக்கு ஒரு புள்ளி உள்ள வடிவத்தைப் பயன்படுத்தினால், லுக்லா ரன்வே முழுவதற்கும் நீளவாக்கில் ஆறு புள்ளிகூடத் தேறாது. முப்பது மீட்டர் வடிவம் கொஞ்சம் மேல், ஆனாலும் செங்குத்தான மலைகளில் ராடாருக்கு எட்டாத ஓட்டைகள் இருந்தன, அவற்றைப் பிறகு வேறு வழியில் அடைத்திருக்கிறார்கள். இப்படிக் கிடைத்த தரையில் அந்தச் சரிவு அப்படியே வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

சமதள விமான நிலையமாக இருந்தால் டபிள்யூஇடி என்ற எடிட்டரில் அந்த விமான நிலையத்துக்கு 'ஆல்வேஸ் ஃபிளாட்டன்' என்பதை டிக் செய்யுங்கள், தரை மட்டமாகிவிடும் என்று சொல்லிவிடுவேன். லுக்லாவுக்கு அதைச் செய்யவே கூடாது. மட்டமாக்கினால் மலைச்சரிவில் ஒரு பலகையை அடித்த மாதிரி நிற்கும், அந்தச் சரிவுக்காகத்தானே அங்கே போகிறோம்.

உங்களுக்கு இரண்டு வழி. சீனரியோடு தனி மெஷ் வந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை விமான நிலையத்துக்குக் கீழே, ஆர்த்தோவுக்கு மேலே வையுங்கள். கட்டடம் எல்லாம் தரையில் உட்காரும். ஆனால் ஒரு டைலுக்கு ஒரு தரை என்ற சட்டம் இங்கும் உண்டு: +27+086 முழுவதற்கும் அந்த மெஷ்தான் வரும், உங்கள் ஆர்த்தோ அந்தக் கட்டத்தில் தெரியாது. எவரெஸ்ட் சிகரமும் அதே கட்டத்தில்தான் இருக்கிறது, அதையும் சேர்த்து இழப்பீர்கள். இரண்டும் வேண்டும் என்றால் அடுத்த வழி, கொஞ்சம் வேலை அதிகம். சீனரி செய்தவர் ஆர்த்தோ4எக்ஸ்பிக்கான பேட்ச் ஃபைல், அதாவது தரையில் அந்த இடத்தை மட்டும் திருத்தும் ஒட்டு, கொடுத்திருந்தால், அதை அந்த மென்பொருளின் பேட்சஸ் ஃபோல்டருக்குள் +20+080, அதற்குள் +27+086 என்று ஃபோல்டர் போட்டு வைத்து, அந்த ஒரு டைலை மட்டும் மறுபடி செய்யுங்கள். படங்களைத் திரும்ப டவுன்லோடு செய்ய வேண்டியதில்லை, தரையின் வடிவத்தை மட்டும் புதிதாகக் கணக்குப் போடும். அப்போது ரன்வேயின் சரிவு ஆர்த்தோ தரையிலேயே வந்துவிடும், படமும் இருக்கும், எவரெஸ்ட்டும் இருக்கும். பேட்ச் இல்லாவிட்டால் சீனரி செய்தவருக்கே எழுதிக் கேளுங்கள், எந்தத் தரையை வைத்துச் செய்தார் என்பதையும் சேர்த்து.